விழுந்தவனுக்குத் தங்கம்

2021, ஆகஸ்ட் 7. டோக்கியோ, புடோகன் அரங்கம்.

ஒலிம்பிக்ஸில் முதல் முறையாகக் கராத்தே. ஆண்களில் 75 கிலோவுக்கு மேற்பட்டவர்களுக்கான இறுதிப் போட்டி. கொரோனா காலம் என்பதால் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. காலி நாற்காலிகளுக்கு நடுவே இரண்டு பேர் மோதிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் இரானின் சஜாத் கஞ்ச்சாதே. மற்றவர் சவுதி அரேபியாவின் தாரெக் ஹமேதி.

ஹமேதி 4-1 என்று முன்னிலையில் இருக்கிறார். இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தால் போதும், சவுதி அரேபியாவின் சரித்திரத்திலேயே முதல் ஒலிம்பிக் தங்கம். அந்த நேரத்தில்தான் அவர் கால் சுழன்றது. தலையை நோக்கி ஓர் உதை. கச்சிதமான உதை. கஞ்ச்சாதே வேரறுந்த வாழை மாதிரி சாய்ந்தார். எழுந்திருக்கவில்லை. மருத்துவர்கள் ஓடி வந்தார்கள். ஸ்ட்ரெச்சர் வந்தது. நினைவில்லாமல் கிடந்தவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

நடுவர்கள் கூடிப் பேசினார்கள். தீர்ப்பு வந்தது. தங்கம், ஸ்ட்ரெச்சரில் போனவருக்கு. வெள்ளி, நின்றுகொண்டிருந்தவருக்கு.

ஹமேதி அழுதார். கஞ்ச்சாதேவுக்கு, தான் சாம்பியன் என்பது கண் விழித்த பிறகுதான் தெரியும்.

இது என்ன நியாயம் என்று நமக்குத் தோன்றும். கராத்தேவை சினிமாவில் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கடைசியில் யார் நிற்கிறாரோ அவர்தான் ஹீரோ. விழுந்து கிடப்பவருக்குக் கோப்பை கொடுத்தால் தியேட்டர் திரையைக் கிழித்துவிடுவோம். ஆனால் அன்றைக்கு நடுவர்கள் விதியைத் தாண்டி எதையும் செய்துவிடவில்லை. எதிராளியைக் காயப்படுத்தும் அளவுக்கு அடித்தால் தகுதி நீக்கம். விதிப் புத்தகத்தில் உள்ளதுதான். அந்த விதிக்குப் பின்னால் அறுபது வருடங்களுக்கு மேற்பட்ட ஒரு தகராறு இருக்கிறது. ஒரு பிடிவாதக்காரக் கிழவர் இருக்கிறார். அவருடைய பேச்சை மீறிய சீடர்கள் இருக்கிறார்கள். ஒடிந்த கையோடு போட்டிக்குப் போன ஓர் இளைஞரும் இருக்கிறார்.

சனிக்கிழமை சாயங்காலம் வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு, இடுப்பில் மஞ்சள் பெல்ட்டோடு உங்கள் வீட்டுப் பையனோ பெண்ணோ கிளம்புகிறார்கள் என்றால், இந்தக் கதை உங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே முக்கியம்.

*

முதலில் அடிப்படையான ஒரு சிக்கலைப் பார்த்துவிடலாம்.

ஒருவனுக்குக் கொல்லும் வித்தையைச் சொல்லிக் கொடுக்கிறீர்கள். நன்றாகக் கற்றுக்கொண்டானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நிஜமாகச் செய்து பார்த்தால் எதிரே நிற்கிறவன் காலி. செய்து பார்க்காமலே விட்டால், கற்றுக்கொண்டது வித்தையா வெறும் டான்ஸா என்று கடைசி வரை தெரியாது. சண்டைக் கலை என்று எது இருந்தாலும், எந்த நாட்டில் இருந்தாலும், இந்த முட்டுச்சந்தில் வந்து நின்றே தீர வேண்டும்.

ஜப்பானியர்கள் இதற்கு ஒன்றல்ல, மூன்று விடைகள் கண்டுபிடித்தார்கள்.

முதல் விடை, வாள் வீரர்களுடையது. நிஜ வாளால் பயிற்சி செய்ய முடியாது. சரி, மரவாள்? அதுவும் ஆபத்துதான். 1612-ல் முசாஷி என்ற புகழ்பெற்ற வாள் வீரர், சசாகி கொஜிரோவைக் கொன்றது மரவாளால்தான். எனவே சீடர்கள் ஒருவரை ஒருவர் நிஜமாக அடித்துக்கொள்ளாமல், முன்பே எழுதி வைத்த வரிசைப்படி வீச்சும் தடுப்புமாகப் பயிற்சி செய்தார்கள். இதற்குக் கட்டா என்று பெயர். நாடக ஒத்திகை மாதிரி. நீ இப்படி வா, நான் இப்படித் தடுக்கிறேன்.

பதினெட்டாம் நூற்றாண்டில் யுத்தங்கள் ஓய்ந்துபோன ஜப்பானில், நகனுமா என்ற ஆசிரியரின் பள்ளி ஒரு வேலை செய்தது. மூங்கில் பட்டைகளால் கட்டிய வாள். முகத்துக்கும் கைக்கும் கவசம். இப்போது ஓங்கி அடிக்கலாம். வலிக்கும், ஆனால் சாக மாட்டான். பழைய பள்ளிக்காரர்கள் முகம் சுளித்தார்கள். இது வாள் வித்தையே அல்ல, குச்சி விளையாட்டு என்றார்கள். பலிக்கவில்லை. இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக அங்கேதான் போனார்கள். ஒத்திகை பார்த்துப் பார்த்து அலுத்தவனுக்கு, நிஜமாக ஒரு தடவை மோதிப் பார்க்கலாம் என்றால் விடுவானா? இன்றைய கெண்டோ அங்கிருந்து வந்ததுதான். அதாவது, கவசம் போடு, பிறகு அடி.

இரண்டாவது விடை, ஜிகோரோ கானோ என்ற ஆசிரியருடையது. 1882-ல் டோக்கியோவில் ஒரு புத்த ஆலயத்தில் பன்னிரண்டு பாய்களை விரித்துப் போட்டுத் தன் பள்ளியைத் தொடங்கினார். பள்ளிக்குப் பெயர் கொடோகன். வித்தைக்கு ஜூடோ. பழைய ஜுஜுட்சுவில் இருந்த அடி, உதை, விரலை முறிக்கும் சங்கதிகளை எல்லாம் எடுத்துக் கட்டாவுக்குள் பூட்டி வைத்தார். தூக்கி எறிவது, தரையோடு அழுத்திப் பிடிப்பது என்று, முழு பலத்தோடு செய்தாலும் எதிராளி மறுநாள் வகுப்புக்கு வரக்கூடிய விஷயங்களை மட்டும் சுதந்திரப் பயிற்சிக்கு வைத்துக்கொண்டார். 1925-ல் கொடோகன் விதிகள், முழங்கை தவிர மற்ற எந்த மூட்டையும் மடக்கிப் பூட்டக் கூடாது என்று சொல்லிவிட்டன.

இதைவிட முக்கியமாக, ஜூடோவில் புதிதாகச் சேருகிறவனுக்கு முதல் பாடம் எறிவது அல்ல. விழுவது. கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, கையால் பாயில் அறைந்து, அடிபடாமல் விழக் கற்றுக்கொள்ள வேண்டும். விழத் தெரிந்தவனைத்தான் எறிய அனுமதிப்பார்கள்.

1886 வாக்கில் டோக்கியோ போலீஸ் நடத்திய போட்டிகளில் கானோவின் சீடர்கள் பழைய ஜுஜுட்சுப் பள்ளிக்காரர்களைத் தோற்கடித்துப் பெயர் வாங்கினார்கள். ஆபத்தான வித்தைகளை வைத்திருந்தவர்கள், ஆபத்தில்லாத வித்தைகளை வைத்திருந்தவர்களிடம் தோற்றார்கள். ஏன்? காரணம் ரொம்ப எளிது. கானோவின் பையன்கள் தங்கள் வித்தையைத் தினமும், முரண்டு பிடிக்கிற நிஜ மனிதன் மீது, முழு பலத்தோடு செய்து பார்த்தவர்கள். மற்றவர்கள் ஒத்திகையில் வாழ்ந்தவர்கள்.

மூன்றாவது விடைதான் கராத்தே. அது அவ்வளவு சுலபத்தில் வரவில்லை.

*

கிச்சின் ஃபுனகோஷி. 1868-ல் ஒகினாவா தீவில் பிறந்தவர். பள்ளிக்கூட வாத்தியார். சின்ன வயதில் நோஞ்சான். உடம்பு தேறட்டும் என்று கராத்தே கற்கப் போனார். பகிரங்கமாகக் கற்றுக்கொள்ளும் விஷயமாக அப்போது அது இல்லை. ராத்திரியில் விளக்கோடு நடந்து குருவின் வீட்டுக்குப் போவார். முற்றத்தில் ஒரே கட்டாவைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். மாதக்கணக்கில். குரு திருப்தியடைந்து தலையாட்டினால்தான் அடுத்தது.

1922-ல், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, கராத்தேவைச் செய்து காட்ட டோக்கியோ வந்தார். அப்போது அவரைக் கொடோகனுக்கு அழைத்துச் செய்து காட்டச் சொன்னவர் வேறு யாருமல்ல, நம் ஜூடோ கானோதான். ஊர் திரும்ப வேண்டிய ஃபுனகோஷி டோக்கியோவிலேயே தங்கிவிட்டார். ஒகினாவா மாணவர்களுக்கான ஒரு விடுதியில் பெருக்கிக் கூட்டுவது, தோட்ட வேலை என்று செய்துகொண்டு, மிச்ச நேரத்தில் பாடம் எடுத்தார். 1924-ல் கெயோ பல்கலைக்கழகத்தில் முதல் மாணவர் மன்றம். பிறகு ஒவ்வொன்றாக மற்ற பல்கலைக்கழகங்கள். ஜூடோவைப் பார்த்து வெள்ளை உடுப்பும் பெல்ட்டும் வந்தன. உங்கள் பையன் கட்டும் பெல்ட் ஒகினாவா சரக்கல்ல. ஜூடோவிடம் வாங்கிய கடன்.

உடுப்பை வாங்கிக்கொண்டார், பெல்ட்டை வாங்கிக்கொண்டார். போட்டியை மட்டும் அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

ம்ஹும். கிட்டேயே சேர்க்கவில்லை.

கராத்தேவில் முதல் அடி என்பதே கிடையாது என்பது அவர் சீடர்களுக்கு விதித்த கொள்கை. எதிராளி கை ஓங்கினால் ஒழிய நீ தொடக்கூடாது. சரி, இரண்டு பேருமே கராத்தேகாரர்கள், இரண்டு பேருமே முதல் அடியை அடிக்கமாட்டார்கள் என்றால் போட்டி எங்கிருந்து வரும்? தவிர, ஒரு குத்து சரியாக விழுந்தால் போதும், ஆள் போய்விடுவான். அந்தக் குத்தை வைத்துக்கொண்டு விளையாடுவதாவது! இதுதான் பெரியவரின் வாதம். இன்னொன்றும் உண்டு. ஜெயிக்க வேண்டும் என்ற வெறி உள்ளே வந்துவிட்டால், மனிதனைப் பண்படுத்த வந்த வித்தை அவனைப் பாழாக்கும் என்று அவர் நினைத்தார்.

மாணவர்களோ இருபது வயதுப் பையன்கள். ஜூடோக்காரன் போட்டி போடுகிறான், கெண்டோக்காரன் போட்டி போடுகிறான், நாம் மட்டும் காற்றைக் குத்திக்கொண்டு இருக்கிறோமே என்று அவர்களுக்கு ஆத்திரம். 1920-களின் இறுதியில் டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் கெண்டோ பாணியில் கவசம் மாட்டிக்கொண்டு மோதிப் பார்த்தார்கள். விஷயம் வாத்தியாருக்குத் தெரிந்தது. சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. அந்த மன்றத்துக்குப் பாடம் எடுக்கப் போவதையே நிறுத்திக்கொண்டார்.

அதனால் மோதல் நின்றுபோனதா என்றால், இல்லை. 1930-களில் இன்னும் மோசமானது. ஒரு பல்கலைக்கழக மன்றத்துக்காரர்கள் இன்னொரு மன்றத்துக்குப் போவார்கள். நட்பு முறையில் கூட்டுப் பயிற்சி என்று பெயர். கட்டா செய்து காட்டுவார்கள். வணக்கம் சொல்வார்கள். அதன் பிறகு நடப்பது தெருச்சண்டை. விதி கிடையாது, முறையான நடுவர் கிடையாது. மூக்கு உடையும், பல் கொட்டும்.

கவனியுங்கள். போட்டி கூடாது என்று குரு சொன்னதால் போட்டி இல்லாமல் போகவில்லை. விதிகள்தான் இல்லாமல் போயின.

*

இந்த ரகளையைக் கண்ணால் பார்த்தவர்களில் ஒருவர் மசதோஷி நகயாமா.

அவர் கராத்தேவுக்கு வந்ததே ஒரு தமாஷ். வாள் வித்தைக் குடும்பம். 1932-ல் தகுஷோகு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது கெண்டோ வகுப்புக்குத்தான் கிளம்பினார். அட்டவணையைத் தப்பாகப் படித்துவிட்டுக் கராத்தே நடக்கும் நேரத்தில் போய் நின்றார். வேடிக்கை பார்த்தார். அங்கேயே தங்கிவிட்டார்.

அவர் படித்த காலத்தில்தான் பயிற்சி முறையில் ஒரு படிக்கட்டு உருவாகத் தொடங்கியது. இதில் ஃபுனகோஷியின் மகன் கிகோவுக்குப் பெரும் பங்கு உண்டு. ஒத்திகைக்கும் நிஜ மோதலுக்கும் நடுவே ஒரு பள்ளம் இருந்தது அல்லவா? அதில் படி கட்டினார்கள்.

முதல் படியில், எங்கே அடிக்கப்போகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு எதிராளி ஐந்து முறை முன்னேறி அடிப்பான். நீ ஐந்து முறை பின்வாங்கித் தடுக்க வேண்டும். கடைசியில் ஒரு பதில் அடி. அடுத்த படியில் ஐந்து மூன்றாகும். பிறகு ஒன்றாகும். அதாவது, யோசிக்கக் கிடைக்கும் நேரம் குறைந்துகொண்டே வரும். அதற்கும் அடுத்த படியில் எங்கே அடிப்பேன் என்று சொல்வான், எப்போது என்று சொல்லமாட்டான். சுற்றிச் சுற்றி வருவான். கடைசிப் படியில் எங்கே என்பதும் கிடையாது, எப்போது என்பதும் கிடையாது. அதுதான் சுதந்திரமான குமித்தே.

ஒவ்வொரு படியிலும் ஒரே ஒரு புதிய பயம்தான். முதல் நாளே எல்லாப் பயத்தையும் ஒரு பையன் தலையில் கொட்டினால் என்ன ஆகும்? கண்ணை இறுக மூடிக்கொண்டு கையைக் காற்றாடி மாதிரி சுற்றுவான். அல்லது அழுதுகொண்டே ஓடிவிடுவான்.

யுத்தம் வந்தது. நகயாமா சீனாவில் இருந்தார். டோக்கியோவில் குண்டு விழுந்து ஃபுனகோஷியின் பயிற்சிக்கூடம் தரைமட்டமானது. அதே 1945-ல் மகன் கிகோவும் காசநோயில் இறந்துபோனார். 1946-ல் ஊர் திரும்பிய நகயாமா, மிச்சம் இருந்தவர்களோடு சேர்ந்து 1949-ல் ஜப்பான் கராத்தே சங்கத்தை உருவாக்கினார்கள். ஃபுனகோஷி கௌரவத் தலைமை. வயது எண்பது தாண்டிவிட்டது.

நகயாமாவின் முன்னால் ஒரு கணக்கு இருந்தது. போட்டி வைத்தால் குருவின் பேச்சை மீறுவதாகும். வைக்காவிட்டால் பையன்கள் பழையபடி மூடிய அறைக்குள் பல்லை உடைத்துக்கொள்வார்கள். ஜூடோ மாதிரி, கெண்டோ மாதிரி கராத்தே மக்களிடம் போய்ச் சேரவும் சேராது. வரவு, செலவு இரண்டு பக்கமும் கனம்தான்.

கவசம் போட்டுப் பார்த்தால் என்ன? பார்த்தார்கள். சரிப்படவில்லை. கவசம் இருக்கிறது என்ற தைரியத்தில் இன்னும் பலமாக அடித்துக்கொண்டார்கள். ஜூடோ மாதிரி ஆபத்தான வித்தைகளை எடுத்துவிடலாமா? கராத்தேவில் குத்தையும் உதையையும் எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? வெள்ளை உடுப்புதான்.

எனவே மூன்றாவது விடை. முழு வேகத்தில் அடி. முழு பலத்தில் அடி. ஆனால் தோலைத் தொடுவதற்கு ஒரு மயிரிழை முன்னால் நிறுத்து.

ஜப்பானிய மொழியில் சுன்தொமே. அங்குலத்தில் நிறுத்துவது. ஒரு சரியான அடி, நிறுத்தாமல் விட்டிருந்தால் ஆளைச் சாய்த்திருக்கும் என்று நடுவர் நம்பினால், அதோடு ஆட்டம் முடிந்தது. ஒரே புள்ளி. இரண்டாவது வாய்ப்பு கிடையாது. ஒரு குத்தில் உயிர் போகும் என்ற பெரியவரின் வாதத்தையே எடுத்து விதியாக்கிவிட்டார்கள். நிஜத்தில் இரண்டாவது வாய்ப்பு உண்டா என்ன? இல்லையல்லவா? இங்கேயும் இல்லை.

கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கும். செய்து பாருங்கள். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் பஸ்ஸை ஓட்டி வந்து, சுவருக்கு ஓர் அங்குலம் முன்னால் நிறுத்த வேண்டும். சுவரோ சும்மா நிற்காது. அதுவும் உங்களை நோக்கி வரும்.

ஆகவே பயிற்சி இரண்டு பக்கமும் நடந்தது. ஒரு பக்கம் வைக்கோல் கயிறு சுற்றிய மரப்பலகையைக் கை காய்த்துப்போகும் வரை குத்துவார்கள். அது ஆக்ஸிலேட்டர். இன்னொரு பக்கம் சக மாணவனின் மூக்குக்கு முன்னால் குத்தை நிறுத்துவார்கள். அது பிரேக். ஒன்று இல்லாமல் மற்றது உதவாது. பலமே இல்லாத குத்தை நிறுத்துவதில் என்ன பெருமை?

*

1957, ஏப்ரல். ஜப்பான் கராத்தே சங்கத்துக்கு அரசாங்க அங்கீகாரம் கிடைத்தது. அதே ஏப்ரல் 26-ம் தேதி, எண்பத்தெட்டு வயதில் ஃபுனகோஷி காலமானார்.

அக்டோபரில் முதல் அகில ஜப்பான் கராத்தே சாம்பியன்ஷிப், டோக்கியோ மாநகர அரங்கில்.

ஆறே மாதம். குரு கண்ணை மூடக் காத்திருந்தார்கள் என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் விதிகளும் பயிற்சியும் அதற்குச் சில வருடங்கள் முன்பிருந்தே தயாராகிக்கொண்டிருந்தன. ஒரே ராத்திரியில் முளைத்ததல்ல. ஆனாலும் பெரியவர் உயிரோடு இருந்து, முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தால் அந்தப் பையன்களின் கை எழுந்திருக்குமா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

அந்தப் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் ஹிரோகாசு கனஸாவா. வயது இருபத்தாறு. சங்கம் தொடங்கிய பயிற்சியாளர் வகுப்பின் முதல் அணி மாணவர். போட்டிக்குச் சில நாள்களுக்கு முன்னால் பயிற்சியில் கை ஒடிந்துபோனது. டாக்டர் கூடவே கூடாது என்றார். கனஸாவாவும் விலகிவிடுவது என்றுதான் முடிவு செய்தார்.

ஆனால் பிள்ளை சண்டை போடுவதைப் பார்க்க ஊரிலிருந்து அம்மா வந்துவிட்டார். கை ஒடிந்த விஷயத்தைச் சொன்னார் மகன். அம்மா பதறிப்போய்க் கட்டிப்பிடித்து அழுதிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? கராத்தேவில் ஒரு கையை மட்டும்தான் உபயோகிப்பீர்களா, இன்னொரு கையும் இரண்டு காலும் இருக்கிறதே என்கிற அர்த்தத்தில் கேட்டாராம். கனஸாவாவே பின்னாளில் பலமுறை சொன்ன கதை இது.

போனார். ஒரு கையாலும் இரண்டு கால்களாலும் சுற்றுச் சுற்றாக ஜெயித்தார். முதல் சாம்பியன் ஆனார்.

வீரக்கதைதான். ஆனால் உங்கள் பையன் கை ஒடிந்து நின்றால் தயவுசெய்து அந்த அம்மாவைப் பின்பற்றாதீர்கள். இன்றைய விளையாட்டு மருத்துவர்கள் யாரும் அதற்குச் சம்மதிக்கமாட்டார்கள். கனஸாவா ஒன்றும் மூன்று மாதம் பயிற்சி செய்துவிட்டு மேடை ஏறியவரும் அல்ல.

அடுத்த வருடம் நடந்ததையும் கேளுங்கள். 1958 இறுதிப் போட்டி. கனஸாவாவுக்கு எதிரே நின்றவர் தகயுகி மிகாமி. இரண்டு பேரும் அதே முதல் அணி. ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாக அடிபட்டவர்கள். அவன் தோள் அசைந்தால் கால் வரும் என்று இவனுக்குத் தெரியும். இவன் கண் போகிற இடம் அவனுக்குத் தெரியும். ஒரு தவறு, ஒரே ஒரு தவறு செய்தால் கதை முடிந்தது. என்ன செய்தார்கள்? சுற்றிச் சுற்றி வந்தார்கள். முறைத்தார்கள். நேரத்தை நீட்டித்தார்கள். மறுபடியும் முறைத்தார்கள். விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் அடிகளே. கடைசியில் இரண்டு பேருமே சாம்பியன் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று.

கராத்தே வட்டாரத்தில் இன்று வரை அதை ஒரு மகத்தான போட்டியாகச் சொல்கிறார்கள். டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தவர் என்ன நினைத்திருப்பார் என்பது வேறு விஷயம். ஒரே புள்ளி விதியின் அழகும் இதுதான். பலவீனமும் இதுதான்.

*

எல்லோரும் இந்த விடையை ஒப்புக்கொண்டார்களா? அதெப்படி ஒப்புக்கொள்வார்கள்?

மாஸ் ஓயாமா என்று ஒருவர். கொரியாவில் பிறந்து ஜப்பானில் வாழ்ந்தவர். வெறும் கையால் காளைகளோடு மோதிப் பேர் வாங்கியவர். தோலுக்கு முன்னால் நிறுத்துவதா? அதற்குப் பெயர் சண்டையா என்று கேட்டார். 1969-ல் தன் கியோகுஷின் பள்ளி சார்பில் ஒரு போட்டி நடத்தினார். கவசம் இல்லை, கையுறை இல்லை, நிறுத்துவதும் இல்லை. நிஜமாகவே அடி. ஆனால் அவராலும் ஒரு கோட்டைத் தாண்ட முடியவில்லை. கையால் முகத்தில் குத்தக்கூடாது என்று விதி வைத்தார். எல்லா விடைகளிலும் எங்கோ ஓரிடத்தில் நிறுத்த வேண்டியிருக்கிறது, பாருங்கள். ஓயாமா கூட நிறுத்தினார். இடம்தான் வேறு.

அமெரிக்காவில் டேக்வாண்டோவைப் பரப்பிய ஜூன் ரீ, 1970-களில் ஸ்பாஞ்சு மாதிரியான மெத்தென்ற பொருளில் கையுறையும் காலுறையும் செய்து விற்கத் தொடங்கினார். மீண்டும் கவசம். பழைய நகனுமா விடை, புது பிளாஸ்டிக்கில். அடிபட்டால் வழக்குப் போடும் ஊரில், குழந்தைகளைத் தைரியமாக வகுப்பில் சேர்க்கப் பெற்றோர்களுக்கு அது உதவியது.

இன்றைய கராத்தே எல்லாவற்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொண்ட அவியல். கையுறை உண்டு, பல்லுக்குக் காப்பு உண்டு, காலுக்குக் காப்பு உண்டு. ஒரே புள்ளி போய், ஒன்று இரண்டு மூன்று என்று புள்ளிகள் வந்துவிட்டன. தலைக்கு உதைத்தால் மூன்று. ஆனால் கட்டுப்பாட்டோடு உதைக்க வேண்டும். ஹமேதி முதலில் வாங்கிய புள்ளிகளும், கடைசியில் இழந்த தங்கமும் இந்த ஒரே புத்தகத்தில்தான் இருக்கின்றன.

ஃபுனகோஷியின் பயம் வீண்பயமா? அப்படிச் சொல்லிவிட முடியாது. எதற்குப் புள்ளி கிடைக்குமோ அதை மட்டும் பயிற்சி செய்கிறார்கள், கட்டாக்களில் உள்ள எத்தனையோ நுணுக்கங்கள் கவனிப்பாரின்றிக் கிடக்கின்றன என்று பழைய ஆசிரியர்கள் புலம்புவதில் உண்மை இருக்கிறது. பதக்கம் வந்தால் கூடவே வெறியும் வரும் என்பதும் உண்மை. அதேசமயம், போட்டி வேண்டாம் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில்தான் மூடிய அறைகளில் பற்கள் உதிர்ந்தன. இரண்டு உண்மைகளையும் சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் கராத்தே இல்லை. அதற்கு முன்பே, 2019 டிசம்பரில், கனஸாவா இறந்துவிட்டார். எண்பத்தெட்டு வயது. ஃபுனகோஷிக்கும் இறக்கும்போது அதே வயதுதான். டோக்கியோவில் கராத்தே ஒலிம்பிக் மேடை ஏறியதை முதல் சாம்பியன் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்தக் கடைசித் தீர்ப்பு அவருக்கு ஆச்சரியமாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம்.

அடுத்த மாதம் டோர்னமென்ட், பையன் பேரைக் கொடுக்கட்டுமா என்று மாஸ்டர் கேட்பார். பையன் குதிப்பான். நீங்கள் நுழைவுக் கட்டணம் எவ்வளவு, சர்ட்டிஃபிகேட் உண்டா, மெடல் கிடைக்குமா என்று விசாரிப்பீர்கள். விசாரியுங்கள், தப்பில்லை. கூடவே இன்னும் சில கேள்விகளையும் கேட்டுவிடுங்கள். எதிரே ஆளை நிறுத்தி எத்தனை மாசமாப் பழக்கியிருக்கீங்க? ஐந்து, மூன்று, ஒன்று என்று படிப்படியாக வந்தானா, நேராகக் கடைசிப் படியில் ஏற்றிவிட்டீர்களா? தலையில் அடிபட்டால் ஆட்டத்தை நிறுத்த டாக்டர் இருப்பாரா? நடுவர் 'யாமே' என்று கத்தினால் பாதிக் குத்தில் கையை நிறுத்துவானா?

மாஸ்டர் கோபித்துக்கொண்டால் அடுத்த டோர்னமென்ட் பார்த்துக்கொள்ளலாம். சிரித்தபடி, "வாங்க சார், வகுப்புல உட்கார்ந்து நீங்களே பாருங்க" என்று சொன்னாரானால், தாராளமாகப் பேரைக் கொடுங்கள்.